தமிழில் ‘விட’ போதும், ஆங்கிலத்தில் சொல்லே மாறணும்: கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் எழுதும் முறை

“அதுக்கு இது தேவலைங்க.” ஈரோட்டில் மஞ்சளையோ காங்கேயத்தில் மாட்டையோ பார்த்துவிட்டு ஒருவர் இப்படிச் சொன்னால் ஒப்பீடு முடிந்துவிட்டது. ‘தேவலை’ என்ற சொல் கொஞ்சமும் மாறவில்லை. ‘அதுக்கு’ என்பதில் இருக்கும் ‘கு’தான் வேலையைச் செய்தது. எழுத்துத் தமிழிலும் இதே கதைதான். ‘சேலத்தைவிடக் கோவை பெரியது’ என்கிறோம். விட, காட்டிலும், இலேயே என எல்லாம் எதிரில் நிற்கும் பொருளின்மேல் ஏறுகின்றன. பெரியது பெரியதாகவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் அப்படி நடக்காது. பெயரடை முதலில் தானே உருமாற வேண்டும். அதன்பிறகு ‘தேன்’ என்ற சொல் வந்து எதிர்ப்பொருளைக் காட்ட வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் “கோயம்புத்தூர் இஸ் பிக் தேன் சேலம்” என்று எழுதுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. ‘விட’வுக்கு ‘தேன்’ வைத்தாயிற்று, இனி என்ன குறை என்று தமிழ் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. திருத்தம் வாங்கியவர்கள் பயத்தில் மறுபக்கம் சாய்ந்து “மோர் பிக்கர்” என்று இரண்டு முறை மாற்றுகிறார்கள். பத்தாம் வகுப்பு விடைத்தாளிலும் திருப்பூர் ஏற்றுமதி அலுவலக மெயிலிலும் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் அடங்கும்.

கீழே ஆங்கிலச் சொற்கள் ஒலிப்படி தமிழ் எழுத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதல் படி: யாரோடு யார்?

வாக்கியத்தைத் தொடங்கும் முன் பென்சிலால் மூன்றைக் குறியுங்கள்: எது, எதோடு, எந்தக் குணத்தில். பொருள் இரண்டு என்றால் கம்பேரட்டிவ். மூன்றும் அதற்கு மேலும் இருந்து, அதில் ஒன்றை உச்சியில் வைக்கிறோம் என்றால் சூப்பர்லேட்டிவ். இரண்டே சாம்பிள் இருக்கும்போது “பெஸ்ட்” என்று பேச்சில் சொல்லிவிடலாம். எழுத்தில் “தி பெட்டர் ஆஃப் தி டூ” என்பதே சரி.

அடுத்து, இரண்டும் ஒரே இனமா என்று பாருங்கள். ‘ஈரோட்டில் மஞ்சள் விலை சேலத்தைவிட அதிகம்’ என்றால் தமிழில் யாரும் குழம்ப மாட்டார்கள். அதையே “தி பிரைஸ் ஆஃப் டர்மரிக் இன் ஈரோடு இஸ் ஹையர் தேன் சேலம்” என்று எழுதினால் விலையை ஓர் ஊரோடு நிறுத்துப் பார்த்ததாக ஆகிவிடும். “தேன் தட் இன் சேலம்” என்று ‘தட்’ சேருங்கள். விலைக்கு எதிரே விலை வந்துவிடும். பன்மையானால் ‘தோஸ்’: “தி ரோட்ஸ் ஹியர் ஆர் வைடர் தேன் தோஸ் இன் தி ஓல்டு டவுன்.”

இந்தத் ‘தேன்’ டி-எச்-ஏ-என். பிறகு என்ற பொருளில் வருவது டி-எச்-ஈ-என். நம் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்பதால் கை தவறிவிடும். கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை இதைப் பிடிக்காமல் விட்டுவிடக்கூடும், ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

இரண்டாம் படி: சொல்லை மாற்றுவது

ஓர் அசைச் (சிலபிள்) சொல்லுக்கு ஈ-ஆர், ஈ-எஸ்-டி. மூன்று அசையும் அதற்கு மேலும் இருந்தால் முன்னால் மோர், மோஸ்ட். இரண்டசைச் சொற்கள் பிரிந்து நிற்கும். விதி எளிது, ஆனால் அசை எண்ணும் இடத்தில்தான் நமக்குச் சிக்கல்.

தாடைக்குக் கீழே கை வைத்துச் சொல்லிப் பார்த்து எண்ணச் சொல்வார்கள். நமக்கு அது உதவாது. ‘சாஃப்ட்’ என்பதை நாம் ‘சாஃப்ட்டு’ என்போம், ‘ஸ்ட்ராங்’ நம் வாயில் ‘இஸ்ட்ராங்கு’ ஆகும். மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பதும், ‘ஸ்’ வந்தால் முன்னால் இகரம் போடுவதும் தமிழ் நாக்கின் இயல்பு. அப்படி எண்ணினால் ஸ்ட்ராங் மூன்று அசையாகி, “மோர் ஸ்ட்ராங்” என்று எழுதத் தோன்றும். ஆகவே காதை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் உயிரெழுத்துக் கூட்டம் எத்தனை என்று எண்ணுங்கள். சேர்ந்தே வரும் இரண்டு உயிரை ஒன்றாகக் கொள்ளுங்கள். கடைசியில் வரும் ஒலிக்காத ஈ கணக்கில் இல்லை. கடைசி ஒய் கணக்கில் உண்டு. ஸ்ட்ராங்கில் ஓ மட்டும்தான், ஓர் அசை. சீப்பில் ஈ-யும் ஏ-யும் சேர்ந்திருக்கின்றன, அதுவும் ஓர் அசை. லார்ஜில் கடைசி ஈ ஒலிக்காது, மறுபடி ஓர் அசை. ‘சிம்பிள்’ போல மெய்க்குப் பிறகு எல்-ஈ வந்து முடியும் சொற்கள் விலக்கு. அந்த முடிவு தனி அசை.

இனி எழுத்துக்கூட்டல். ஈ-யில் முடியும் சொல்லுக்கு ஆர் அல்லது எஸ்-டி மட்டும் சேரும்: ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட். ஓர் அசைச் சொல் ஒற்றை உயிர், ஒற்றை மெய் என முடிந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: பிக் என்பதில் ஜி ஒன்று, பிக்கர் என்பதில் ஜி இரண்டு. தின், ஹாட், வெட் எல்லாம் இதே வழி. சீப், கூல் ஆகியவற்றில் உயிர் இரண்டு, அதனால் இரட்டிக்காது. டபிள்யூவில் முடியும் லோ, ஸ்லோ ஆகியவையும் இரட்டிக்க மாட்டா.

மெய்க்குப் பிறகு ஒய் வந்து முடிந்தால் ஒய் போய் ஐ வரும்: ஹெவி, ஹெவியர், ஹெவியஸ்ட். சாயப்பட்டறை சார்ந்து எழுதுபவர்கள் ‘டிரை’ என்ற சொல்லில் நின்று நிதானிக்க வேண்டும். துணி முன்பைவிட ஈரம் குறைந்திருக்கிறது என்றால் டி-ஆர்-ஐ-ஈ-ஆர். துணியை உலர்த்தும் இயந்திரத்துக்கு வழக்கமான எழுத்து டி-ஆர்-ஒய்-ஈ-ஆர். வாய்க்கு இரண்டும் டிரையர்தான். இயந்திரத்துக்கு ஐ போடுபவர்களும் உண்டு. ஆனால் ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் வருமானால் பிரித்து எழுதுவதே படிப்பவருக்கு நல்லது.

இரண்டசையில் ஒய், எல்-ஈ, ஓ-டபிள்யூ என முடிபவை பெரும்பாலும் ஈ-ஆர் ஏற்கும்: ஹேப்பியர், சிம்ப்ளர், நேரோவர். யூஸ்ஃபுல், கேர்ஃபுல், ஃபேமஸ், மாடர்ன் ஆகியவற்றுக்கு மோர். காமன், பொலைட், கொயட் போன்றவை இரண்டு வழியிலும் வரும். ஒரு கட்டுரைக்குள் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டால் போதும். வினையிலிருந்து பிறந்த டயர்டு, வோர்ன், ஃபேடட் போன்றவை எத்தனை அசையானாலும் மோர்தான்: “மோர் ஃபேடட்”.

மோர் போட்டால் ஈ-ஆர் இல்லை, ஈ-ஆர் போட்டால் மோர் இல்லை. “மோர் பெட்டர்”, “மோஸ்ட் சீப்பஸ்ட்” எல்லாம் இங்கேதான் விழும்.

மூன்றாம் படி: வழிக்கு வராதவை

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச்சுக்கும் மெனிக்கும் மோர், மோஸ்ட். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ‘வொர்ஸ்ட்’ என்பது சூப்பர்லேட்டிவ். “வொர்ஸ்ட் தேன்” என்று ஒன்று கிடையாது.

இங்கே நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ‘எல்டர்’ என்ற சொல்லில். அண்ணன் என்பதற்கு “எல்டர் பிரதர்” சரி. ஆனால் “ஹீ இஸ் எல்டர் தேன் மீ” பிழை. எல்டர் உறவுப் பெயருக்கு முன்னால் நிற்கும், தேனோடு சேராது. “ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ” என்று எழுதுங்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவற்றுக்குத் தேன் வராது, ‘டு’ வரும்: “ஷீ இஸ் சீனியர் டு மீ.” ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் டு: “ஐ ப்ரிஃபர் காட்டன் டு பாலியஸ்டர்.” ‘விட’ என்று கண்டதும் கை தேனுக்குப் போகும். இந்தச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றின் பழக்கம் வேறு.

நான்காம் படி: உச்சியைச் சொல்வது

சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் ‘தி’ வேண்டும். தமிழில் அதற்கு இணை இல்லாததால் விட்டுப்போகும். மை, யுவர், தெயர் போன்ற உடைமைச்சொல் முன்னால் நின்றால் ‘தி’ போய்விடும்: “மை பெஸ்ட் ஃப்ரெண்ட்”. பிறகு எந்த வட்டத்துக்குள் உச்சி என்று காட்ட வேண்டும். இடமானால் ‘இன்’, கூட்டமானால் ‘ஆஃப்’: “இன் தமிழ்நாடு”, “ஆஃப் தி ஃபைவ் சாம்பிள்ஸ்”.

‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை. “கோயம்புத்தூர் இஸ் ஒன் ஆஃப் தி லார்ஜஸ்ட் சிட்டி” என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் ‘ஒன்’ என்று சொல்லிவிட்டோமே என்ற நினைப்பு. பலவற்றில் ஒன்று என்பதால் ‘சிட்டீஸ்’. வாக்கியத்தை “ஒன் ஆஃப் தி லார்ஜஸ்ட் சிட்டீஸ்” என்று தொடங்கினால் வினை அந்த ஒன்றைப் பார்த்து ஒருமையில் நிற்கும்: “இஸ்”.

ஐந்தாம் படி: ஒரே செய்தி, மூன்று உடுப்பு

பள்ளியில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்று நடத்துவது இதைத்தான். பாசிட்டிவ் (பெயரடை உருமாறாத வடிவம்), கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் மூன்றிலும் ஒரே செய்தியை மாற்றி எழுத வேண்டும். சூத்திரமாக உருப்போட்டால் தேர்வுக் கூடத்தில் மறந்துவிடும். ஒரு மலையைக் கையில் எடுத்துக்கொண்டால் மறக்காது.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம். ஆனைமுடி 2,695 மீட்டர். ஆனைமலைப் பக்கத்து உச்சி என்றாலும் அது நிற்பது கேரளத்தில்.

சூப்பர்லேட்டிவ்: “தொட்டபெட்டா இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு.”
கம்பேரட்டிவ்: “தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் தமிழ்நாடு.”
பாசிட்டிவ்: “நோ அதர் பீக் இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா.”

நடுவில் இருக்கும் ‘அதர்’ எதற்கு? அதை எடுத்துவிட்டுப் படியுங்கள். தமிழ்நாட்டின் எந்தச் சிகரத்தையும்விடத் தொட்டபெட்டா உயரம் என்றாகிறது. தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டுச் சிகரம்தானே? அப்படியானால் அது தன்னைவிடத் தானே உயரமாக இருக்க வேண்டும். ‘அதர்’ அதை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்து நிறுத்துகிறது.

இப்போது ஆனைமுடி. “ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு.” இங்கே ‘அதர்’ போட்டால்தான் பிழை, ஏனென்றால் ஆனைமுடி தமிழ்நாட்டுக் கூட்டத்தில் இல்லவே இல்லை. கூட்டத்துக்குள் இருந்தால் அதர், வெளியே இருந்தால் அதர் வேண்டாம். இந்த இரண்டு மலையையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கேள்வித்தாளிலும் தடுமாற மாட்டீர்கள்.

‘ஒன் ஆஃப் தி’ வகையை மாற்றும்போது ‘எனி’ மாறி ‘மோஸ்ட்’ ஆகும்: “கோயம்புத்தூர் இஸ் லார்ஜர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் தமிழ்நாடு.” பாசிட்டிவில் ‘வெரி ஃப்யூ’ வரும்: “வெரி ஃப்யூ சிட்டீஸ் இன் தமிழ்நாடு ஆர் ஆஸ் லார்ஜ் ஆஸ் கோயம்புத்தூர்.” இங்கே ‘எ ஃப்யூ’ என்று போட்டுவிடாதீர்கள். வெறும் ஃப்யூ என்றால் அரிதாகவே உண்டு என்று பொருள். எ ஃப்யூ என்றால் சில உண்டு.

இரண்டே பொருள் என்றால் சூப்பர்லேட்டிவுக்கு வேலை இல்லை. “ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா” என்பதைத் திருப்பினால் “தொட்டபெட்டா இஸ் நாட் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி.” பெயர்கள் இடம் மாறுகின்றன, ‘நாட்’ உள்ளே வருகிறது. பெயர்களை மாற்றாமல் ‘நாட்’ மட்டும் சேர்ப்பதுதான் விடைத்தாளில் அடிக்கடி பார்க்கும் பிழை. அது பொருளையே கவிழ்த்துவிடும்.

ஆறாம் படி: எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்

‘ரொம்பப் பெரிசு’ என்ற பழக்கத்தில் “வெரி பிக்கர்” வந்துவிடும். வெரி பாசிட்டிவோடு சேரும், கம்பேரட்டிவோடு சேராது. கம்பேரட்டிவுக்கு மச், ஃபார், எ லிட்டில், ஸ்லைட்லி: “மச் பிக்கர்”. சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் ‘பை ஃபார்’.

எண் கையில் இருந்தால் மச்சை விட்டுவிட்டு எண்ணையே பெயரடைக்கு முன்னால் வையுங்கள். “ஆனைமுடி இஸ் 58 மீட்டர்ஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.” மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது, பவானிசாகர் 1955-இல்: “மேட்டூர் டேம் இஸ் 21 இயர்ஸ் ஓல்டர் தேன் பவானிசாகர் டேம்.”

மடங்கு சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, பவானிசாகருக்கு 32.8 டிஎம்சி. ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை “நியர்லி த்ரீ டைம்ஸ் ஆஸ் மச் வாட்டர் ஆஸ் பவானிசாகர்” என்று எழுதுங்கள். “த்ரீ டைம்ஸ் மோர்” என்றால் சிலர் மூன்று மடங்கு என்பார்கள், சிலர் அதற்கு மேலும் மூன்று மடங்கு, ஆக நான்கு என்பார்கள். ஆஸ்-ஆஸ் போட்டால் அந்த வழக்கே எழாது.

சதவீதமும் அப்படியே. துணியின் சுருக்கம் 8 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். “2 பர்சன்ட் லோயர்” என்று எழுதினால் பையர் (துணி வாங்குபவர்) 8-இல் 2 சதவீதம் கழித்து 7.84 என்று கணக்குப் போட இடமுண்டு. “2 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ் லோயர்” அல்லது “25 பர்சன்ட் லோயர்” என்பதே துல்லியம். இரண்டு எண்ணையும் நேராகப் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது: “டவுன் ஃப்ரம் 8 பர்சன்ட் டு 6 பர்சன்ட்”.

எண்ணக்கூடியதற்கு ஃப்யூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ்: “ஃப்யூவர் பேக்ஸ்”, “லெஸ் டர்மரிக்”. விலைக்கும் சதவீதத்துக்கும் ஹையர், லோயர். பொருள்தான் சீப்பர் ஆகும், விலை லோயர் ஆகும். “லெஸ்ஸர் பிரைஸ்” நம் ஊரில் எங்கும் புழங்குகிறது, இருந்தாலும் எழுத்தில் தவிருங்கள்.

‘எவ்வளவுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அவ்வளவு’ என்ற அமைப்பு ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் ‘தி’ போட்டு வரும்: “தி ஃபைனர் தி யார்ன், தி லைட்டர் தி ஃபேப்ரிக்.” நடுவில் காற்புள்ளி போடுங்கள்.

ஏழாம் படி: ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

திருப்பூர் அலுவலகம் ஒன்றிலிருந்து பையருக்குப் போகும் மெயில் இப்படி இருப்பதாகக் கொள்ளுங்கள்:

“தி நியூ ஃபேப்ரிக் இஸ் மோர் சாஃப்ட்டர் கம்பேர்டு டு லாஸ்ட் ஆர்டர். ஜிஎஸ்எம் இஸ் வெரி லெஸ்ஸர். வீ யூஸ்டு ஹையர் 40ஸ் யார்ன். ஷ்ரிங்கேஜ் இஸ் ஆல்சோ பெட்டர். இட் இஸ் பெஸ்ட் குவாலிட்டி.”

முதல் வரியில் மோரும் ஈ-ஆரும் சேர்ந்திருக்கின்றன. ஈ-ஆர் வந்த பிறகு “கம்பேர்டு டு” எதற்கு? தேன் போதும். துணியை ஆர்டரோடு ஒப்பிட்டிருப்பதால் இனமும் மாறிவிட்டது. “தேன் தி ஃபேப்ரிக் இன் தி லாஸ்ட் ஆர்டர்” என்றாக வேண்டும்.

இரண்டாம் வரியில் வெரி, லெஸ்ஸர் இரண்டுமே தவறு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பது. முன்பு 150 ஜிஎஸ்எம், இப்போது 130 என்றால் “20 ஜிஎஸ்எம் லைட்டர்”.

மூன்றாம் வரிதான் ஆபத்து. நூல் கவுண்ட் என்பது தலைகீழ்க் கணக்கு: 840 கெஜச் சிட்டம் (நூல்கற்றை) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். 30ஸ் நூலில் ஒரு பவுண்டுக்கு 25,200 கெஜம், 40ஸ் நூலில் 33,600 கெஜம். எண் ஏற ஏற நூல் மெலியும். ‘ஹையர்’ என்று மட்டும் எழுதினால், இந்தத் தொழில் தெரியாத ஒருவர் படித்துவிட்டுத் தடித்த நூல் என்று எண்ண வாய்ப்புண்டு. ‘ஃபைனர்’ என்று எழுதினால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான்.

நான்காம் வரியில் ‘பெட்டர்’ என்றால் என்ன, சுருக்கம் கூடியதா குறைந்ததா? ‘லோயர்’ என்று திசையைச் சொல்லி எண்ணைப் போடுங்கள்.

திருத்திய மெயில்: “தி நியூ ஃபேப்ரிக் இஸ் சாஃப்ட்டர் தேன் தி ஃபேப்ரிக் இன் தி லாஸ்ட் ஆர்டர், அண்ட் 20 ஜிஎஸ்எம் லைட்டர். வீ யூஸ்டு 40ஸ் யார்ன், விச் இஸ் ஃபைனர் தேன் தி 30ஸ் யார்ன் யூ ஹேட் பிஃபோர். தி ஷ்ரிங்கேஜ் இஸ் லோயர்: 6 பர்சன்ட், டவுன் ஃப்ரம் 8 பர்சன்ட்.”

“பெஸ்ட் குவாலிட்டி” என்ற கடைசி வரியை எடுத்தே விட்டோம். எந்தக் கூட்டத்தில் பெஸ்ட் என்று அதில் இல்லை. பையர் அதைத் திருப்பிக் கேட்டால் அனுப்ப ஒரு சோதனை ரிப்போர்ட் கையில் இருக்கும்போது மட்டும் “தி சாஃப்டஸ்ட் ஆஃப் தி ஃபைவ் சாம்பிள்ஸ் வீ டெஸ்டட்” என்று வட்டம் போட்டு எழுதுங்கள்.